ரெண்டு பெட்டியும் ஒரு ‘இருக்கட்டுங்க’வும்

“…ஆக, சக்கரத்தைக் கழட்டறதுக்கு நம்மகிட்ட ஒம்பது சாமான் இருக்குதுங்க சம்பந்தி. கழட்டுன சக்கரத்துக்குள்ள போடறதுக்குத்தான் ஒண்ணையுங் காணோமுங்க!”

சொன்னவர் குழந்தைவேல். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண்ணெய் மில் நடத்துகிறவர். சொன்ன இடம், ஆனைமலையைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர், வால்பாறை மலையைப் பார்த்துப் போகிற ரோட்டோரம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. எங்கேயோ மட்டை ஊறுகிற புளிச்ச வாசம். காலை பத்தரை மணி இருக்கும்.

எங்கள் மோட்டார் சைக்கிள் பெரிய ஸ்டாண்டில், பின்சக்கரம் இல்லாமல், பல் பிடுங்கிய வாய் மாதிரி நின்றுகொண்டிருந்தது. சக்கரம் சம்பந்தியின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். அதிலிருந்து உருவிய டியூப் அவர் கையில்.

ஒரு ஆணி, அவ்வளவுதான். ஏறியதும் நிறுத்தியிருந்தால் ஒரு ஒட்டுப் போட்டு முடித்திருக்கலாம். “வண்டி என்னமோ ஆடுதுங்களே” என்று நான் கேட்க, “ரோடு அப்படிங்க” என்று அவர் சொல்ல, காற்றில்லாமலே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டோம். டியூப் டயருக்குள்ளேயே திரும்பி, வால்வின் அடியைக் கிழித்துக்கொண்டுவிட்டது. வேறு எங்கே கிழிந்தாலும் ஒட்டலாம். வால்வின் காலடியில் கிழிந்தால் எந்த ஒட்டும் நிற்காது. புது டியூப்தான்.

“வர்ற வழில மாசாணியம்மன் கோயில்ல நின்னோமே, அப்பவே இந்த ஆணி போட்டவனைத் தண்டிக்கச் சொல்லி அம்மனுக்கு ஒரு கை மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்திருக்கணுமுங்க” என்றேன்.

“அப்ப ஆணி ஏறலீங்களே” என்றார் சம்பந்தி, ரொம்ப நியாயமாக.

வண்டியில் இரண்டு பெட்டி. இடது பெட்டி என் பொறுப்பு, அதில் சாமான்கள். வலது பெட்டி அவர் பொறுப்பு, அதில் மாற்றுப் பொருள்கள். இரண்டையும் கவிழ்த்தோம். ஸ்பேனர் வந்தது, லீவர் வந்தது, காற்றடிக்கிற பம்ப் வந்தது, பஞ்சர் ஒட்டுகூட வந்தது. டியூப் வரவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

சொல்லிவிட்டு அடுத்ததாக அவர் என்ன செய்தார் என்பதை எழுத எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் அந்த டியூப் ஏன் வரவில்லை என்று தெரியாமல் அதைப் படித்தால் பாதி ருசி போய்விடும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

நித்யாவின் ஒரே சட்டம்

நானும் சம்பந்தியும் சேர்ந்து வண்டி வாங்கின கூத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: முன்னூற்றைம்பது சிசி, பழைய வண்டி, கம்பிச் சக்கரம். எனக்கு ஐம்பத்தொன்பது, அவருக்கு அறுபத்தொன்று. மாதத்தில் பாதி நாள் வண்டி கோவையில் என் வீட்டில் நிற்கும். மீதி நாள் காங்கேயத்தில்.

வாங்கின நாளிலிருந்து எங்களுக்கு ஒரே பேச்சு, தனுஷ்கோடி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. அந்த ரோடு முடிகிற இடம் வரைக்கும் ஓட்டிப் போய், வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் எழுப்பாமல் உட்கார்ந்திருப்பது. இதில் என்னைவிட அவருக்குத்தான் தாகம். ஏன் என்று கேட்டால் சொல்வார்:

“மில்லுல கடலையை நாள் பூரா பாக்கறேனுங்க. கடலைப் பத்து நிமிசந்தான் பாத்திருக்கேன். அதுவும் ஒரம்பரைச் சனத்தோட வேன்ல போயி. காலு நனையறதுக்குள்ள ‘ஏறு ஏறு, நேரமாச்சு’ன்னு கெளப்பிப்போட்டாங்க.”

இந்த வார்த்தையை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். மனிதர்கள் போகிற போக்கில் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளுக்காகவே நான் டீக்கடைகளில் ஒரு டீக்கு இரண்டு டீயாகக் குடிக்கிறவன்.

ஆனால் எங்கள் பழைய சரித்திரம் சரியில்லை. பக்கத்து ஊர்களுக்கு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் என் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்துதான் மீட்டான். ஒரு தடவை கிளட்ச் கேபிள் அறுந்தது. ஒரு தடவை பிளக் போனது. மூன்றாவது தடவை பெட்ரோல் தீர்ந்தது. அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுதுவதாக இல்லை.

நித்யா சம்பந்தியின் மகள், என் மருமகள். இரண்டு வீட்டுக்கும் அவள்தான் கோர்ட்டு. ஒரு நாள் எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“மாமா, அப்பா, ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. ஒரே நாள். வால்பாறை போய்ட்டு, வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும். வந்துட்டீங்கன்னா தனுஷ்கோடிக்கு நானே கட்டுச்சோறு கட்டித் தாரேன். நடுவுல ‘காரை எடுத்துட்டு வா’ன்னு ஒரே ஒரு போன் வந்துச்சுன்னாக்கூட, தனுஷ்கோடி இல்லீங்க. வண்டியையும் வித்துப்போடலாம்.”

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். எங்கள் தனுஷ்கோடி, அந்த இரண்டு பெட்டிக்குள் எதை எடுத்து வைக்கிறோம் என்பதில் வந்து நின்றுவிட்டது.

பெட்ஷீட் மேல் ஒரு பட்டறை

எனக்குக் கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. தீர்ப்பு வந்த மறுநாளே கடையில் இருந்த சாமான்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சம்பந்தி மில்லிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். போர்ட்டிகோவில் பழைய பெட்ஷீட்டை விரித்து இரண்டையும் கொட்டினோம். அடடா, அந்தச் சத்தம்! இரும்புமேல் இரும்பு விழுகிற சத்தத்துக்கு மயங்காதவனோடு எனக்குப் பேச்சில்லை. சுத்தியல் மட்டும் மூன்று. கட்டிங் பிளேயர் நான்கு. பைப் ரிஞ்சு ஒன்று, என் முழங்கை நீளம்.

எங்கள் மெக்கானிக் ராஜு பீளமேட்டிலிருந்து வந்து பார்த்தான். குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“ஏனுங்கண்ணா, வால்பாறைல கெணறு வெட்டப் போறீங்களா?”

“எதை எடுக்கறது, எதை உடறதுன்னே தெரியல ராஜு.”

“நீங்க முடிவு பண்ணாதீங்க. வண்டியைக் கேளுங்க. ஞாயித்துக்கெழமை நீங்களே கழட்டுங்க, நீங்களே மாட்டுங்க. நான் தொடமாட்டேன். கைக்கு எந்தச் சாமான் வந்துச்சோ அது பெட்டிக்கு. வராதது ஊட்டுக்கு.”

பத்தாவதைத் தாண்டாத எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்தியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, கல்யாண வீடு தோற்றது. ராஜு சிமெண்ட் படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றான். நாங்கள் இருவரும் கழட்டினோம். பெட்ஷீட்டின் இந்தப் பக்கம் குவியல். கையில் எடுத்த சாமான் வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் போகும். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது: பத்து-பதினொண்ணு, பன்னெண்டு-பதிமூணு, பதினாலு-பதினஞ்சு. இந்த மூன்று ஸ்பேனரில் முக்கால்வாசி வண்டி அவிழ்ந்துவிடுகிறது. சுத்தியல் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. நாலு பிளேயரில் ஒன்று போனது. பைப் ரிஞ்சு பெண் பார்க்க வந்து திரும்பிப் போன மாப்பிள்ளை மாதிரிப் படுத்துக் கிடந்தது.

கேபிள் விஷயத்தில் ராஜு சொன்னதைக் கேட்டு நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“புதுக் கேபிளைப் பெட்டில வெச்சா, அறுந்த அன்னிக்கு டேங்கைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதை இன்னிக்கே பழைய கேபிளோட ஒட்டி உள்ள ஓட்டி உட்டுருங்க. ரெண்டு நுனியவும் டேப் சுத்தி வெச்சிருங்க. அறுந்துச்சுன்னா நுனியை மட்டும் மாத்தி மாட்டிக்கிட்டுப் போய்ட்டே இருக்கலாம்.”

கிளட்ச்சுக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று ஓட்டினோம். பெட்டியில் இடமே எடுக்காத ஸ்பேர்! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்புறம் இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டின ரப்பர் பட்டைகள், கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு பிடி. சம்பந்தி டயர் லீவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தேங்காயோடு வந்தார்.

“ஒவ்வொரு சாமானும் ரெண்டு வேலை செய்யோணும்னு ராஜு சொன்னானுங்களே. லீவர் தேங்கா உரிக்குதுங்க சம்பந்தி!”

லீவர் பாஸ்.

ஸ்பேனருக்கு மாப்பிள்ளை பார்த்தது

பின்சக்கரத்தில்தான் சிக்கல் வந்தது. ஆக்சில் நட்டுக்கு எங்கள் குவியலில் எந்த ஸ்பேனரும் சேரவில்லை. ஒன்று இறுக்கம், அடுத்தது தொளதொளப்பு. ராஜு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இது கம்பெனி நட்டு இல்லீங்க. மச்சான் நட்டு.”

நம் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிற மச்சான் ஒருவன் எல்லோருக்கும் இருப்பான். கடையில் போய் ஒரு நட்டு வாங்குவது இங்கே பலபேருக்கு மானப் பிரச்சினை. வண்டியை எங்களுக்கு விற்றவரும் அப்படித்தான், ஆக்சிலையும் நட்டையும் மச்சானிடம் கொடுத்துக் கடைந்து போட்டிருக்கிறார். கனமான, வழவழப்பான, அழகான நட்டு. உலகத்தில் எந்த அளவோடும் ஒட்டாத நட்டு.

“மாத்திரலாமுங்களா?” என்றேன்.

“இவ்வளவு நல்ல வேலையைக் கழட்டி வீசறது பாவமுங்க” என்றார் சம்பந்தி.

ஆக நட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனோம். நாலாவது கடையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை நான் பிரித்த பக்குவத்தைப் பார்த்து, “ஏனுங்க, பொண்ணு ஜாதகங்களா?” என்றார். நட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அளவு கருவி ஒன்றும் எடுக்கவில்லை.

“இதுக்குப் புது ஸ்பேனர் சேராதுங்க. இந்தத் தலைக்குப் பழைய மில் ஸ்பேனர்தான், இஞ்ச் அளவு.”

உள்ளே போய், மூடிப்போன ஏதோ ஒரு நூல்மில்லிலிருந்து வந்த கறுத்த ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்து நட்டில் மாட்டினார். ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை.

“பத்துப் பொருத்தமும் இருக்குதுங்க” என்றார் அந்த அம்மா.

ஸ்பேனர் சேராத சங்கடம் எனக்குப் பழசு. கடை ஆரம்பித்த புதிதில், வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டாரைக் கழட்டப் போனேன். மொபெட்டில் இருபது சாமான் எடுத்துப் போயிருந்தேன், வேண்டிய ஒன்றைத் தவிர. இருந்த ஸ்பேனர் நட்டைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தோட்டத்துக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“தொண்டு பெருசா இருந்தா அண்டை குடுங்க கண்ணு. அதுக்கு ஏன் இந்த வேர்வை?”

சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய் காசை எடுத்துத் தந்தார். தொண்டு என்றால் ஓட்டை; ஸ்பேனரின் ஓட்டைக்கும் நட்டுக்கும் நடுவில் சந்தில் சொருகினேன். அண்டை கொடுத்ததும் ஸ்பேனர் கவ்விப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் சாமான் பையில் இரண்டு காசு இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. சம்பந்தியின் கணக்கில் அந்தக் காசும் ஒரு சாமான். ரோட்டோரத்தில் அவர் சொன்ன ஒன்பதில் அதுவும் சேர்த்திதான்.

ஒரு சொல், இரண்டு வாசல்

வால்பாறைக்குக் கிளம்புகிறதுக்கு முந்தின சாயங்காலம். பெட்டிகளை மூடுகிற நேரம். நான் இடது பெட்டியில் பம்பைத் திணித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சம்பந்தி வலது பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிளக், ப்யூஸ், பல்பு, செயின் லாக், பஞ்சர் ஒட்டு எல்லாம் உள்ளே போய்விட்டன. மூடி மட்டும் மூடவில்லை. காரணம், சுருட்டி ரப்பர் பட்டை போட்டுக் கட்டின டியூப். அதுதான் உள்ளே இருந்ததிலேயே பருமன்.

“ஏனுங்க சம்பந்தி, டியூப்பு எடுத்துக்கறதுங்களா?”

நான் தலையை நிமிர்த்தவில்லை.

“இருக்கட்டுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவரிடம், “காப்பி கலக்கட்டுங்களா?” என்று கேட்கிறோம். “இருக்கட்டுங்க” என்கிறார். வேண்டாம் என்று அர்த்தம். அவரே கொஞ்ச நேரம் கழித்து, “பை இங்கயே இருக்கட்டுங்களா?” என்கிறார். நாம் “இருக்கட்டுங்க” என்கிறோம். வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஒரே சொல். ஒரு வாசல் உள்ளே விடும், இன்னொரு வாசல் வெளியே அனுப்பும். எந்த வாசல் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புருசன் பெண்டாட்டிக்குள் குரல் தெரியும். அண்ணன் தம்பிக்குள் தெரியும். சம்பந்திகளுக்குள் எதைச் சொன்னாலும் குரல் ஒன்றுதான், பட்டு வேட்டிக் குரல்.

நான் சொன்னது, டியூப் பெட்டியில் இருக்கட்டும். அவர் காதில் விழுந்தது, டியூப் வீட்டிலேயே இருக்கட்டும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! ரோட்டோரத்தில் அவரே சொன்னார்: “டியூப்பு இல்லாம எப்படிங்கன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா நீங்க சொல்லிப்போட்டீங்களே. மாப்பிள்ளை ஊட்டு வார்த்தை. எதுத்துப் பேசறதுங்களா?”

பெண் கொடுத்த இடத்தவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘வேண்டாம்’, ‘தப்பு’, ‘முடியாது’ என்கிற மூன்று சொற்களையும் சொல்லக் கூடாது என்று யாரோ எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்யாணமாகி நாலு வருடம். இந்த நாலு வருடமும் நான் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், “எங்கிட்ட அப்படியெல்லாம் இருக்காதீங்க” என்று. “சரிங்க” என்று அதையும் மரியாதையாகவே ஏற்றுக்கொள்வார்.

அன்றைக்கும் அப்படித்தான். டியூப்பைச் சத்தமில்லாமல் எடுத்துப் போய் எங்கள் வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டு வந்து மூடியை அழுத்தியிருக்கிறார். ‘டப்’. எனக்குக் கேட்டது. எப்படியோ மூடிவிட்டாரே, கெட்டிக்காரர் என்று நான் பூரித்துப்போனேன்.

மறுபடியும் தென்னந்தோப்பு

இப்போது அந்த ரோட்டோரத்துக்கு வந்துவிடலாம்.

அதற்கு முந்தின இருபது நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். ஆணி என்று தெரிந்ததும் எங்களுக்குப் பயமே வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். இதற்குத்தானே காத்திருந்தோம்! மில் ஸ்பேனரை மாட்டி ஒரே உந்து. மச்சான் நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. சம்பந்தி செயினை இறக்க, நான் ஆக்சிலை உருவ, சக்கரம் கையோடு வந்தது. மூன்று லீவர். ஒன்று பிடித்துக்கொள்ள, இரண்டு நடக்க. டயர் கழன்றது. அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, “எந்த ஒர்க் ஷாப்புங்க நீங்க?” என்று கேட்டார். சம்பந்தியின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் வால்வின் கிழிசல். அப்புறம்தான் பெட்டிகள்.

“என்ற தப்புங்க” என்றார் சம்பந்தி.

“இல்லீங்க, என்ற தப்புங்க. நான் நிமுந்து பாத்துச் சொல்லியிருக்கோணும்.”

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான் தப்பாக் கேட்டுப்போட்டேன்.”

“சொன்னது தப்பாச் சொன்னதாலதானுங்க தப்பாக் கேட்டுது.”

இப்படி ஒரு பால் வண்டியும் இரண்டு டிராக்டரும் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் தப்பை ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே நாற்பது வளைவு பாக்கி. போக வேண்டும், திரும்ப வேண்டும், விளக்கு வைப்பதற்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

கடைசியில் சாமான்களையெல்லாம் பனியன் வேஸ்ட்மேல் வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, சம்பந்தி அந்த ஒன்பது சாமான் வார்த்தையைச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் அந்தக் கடலோரத்தில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அறுபத்தொரு வயது, வெயில், பக்கத்தில் கடை கண்ணி ஒன்றும் இல்லை. அதோடு, நடந்ததற்கு மூலம் நான். போனை எடுத்தேன்.

“சம்பந்தி, பேசாம பையனுக்குப் போன் பண்ணிரலாமுங்களா? ரெண்டு மணி நேரத்துல வந்துருவான். தனுஷ்கோடி எங்க போயிருது, அடுத்த வருசங்கூடப் பாத்துக்கலாமுங்க.”

சொல்லிவிட்டு அவர் வாயைப் பார்த்தேன். ‘இருக்கட்டுங்க’ என்றுதான் சொல்லப்போகிறார். இந்தத் தடவை எந்த வாசல் என்று கேட்டுவிட வேண்டும் என்று தயாராக நின்றேன்.

சம்பந்தி கிழிந்த டியூப்பைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“வேணாம்” என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“இல்லீங்க, நான் என்ன சொல்றேன்னா…”

“வேணாம்னு சொல்றேன்ல! பத்து நிமிசம் பாத்ததே போதும்னு எழுதியா வெச்சிருக்குது? அந்தப் போனை இங்க குடு.”

குடு என்றார். என் கை தானாக நீண்டுவிட்டது.

அவர்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். நித்யா இந்தப் பயணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த ஆறு பை வைத்த பேண்ட்டில், முழங்காலுக்கு மேல் இருந்த பையைத் திறந்து, என் போனை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்தார். கிழிந்த டியூப்பை மாலை மாதிரிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்டது. மலைப் பக்கமிருந்து ஆனைமலைக்கு இறங்குகிற பஸ்.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போனார். ஒரு கையில் சக்கரம், இன்னொரு கையில் டயர் லீவர், தலைக்கு மேலே தூக்கி. டிராபிக் போலீஸ்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பஸ் கீச்சிட்டு நின்றது.

படியிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க பெரியவரே, சக்கரம் மட்டும் வருது? வண்டி எங்கீங்க?”

“அங்க நிக்குது பாரு கண்ணு. அதுக்குக் காலு போயிருச்சு. காலை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். ஆனைமலை ரெண்டு டிக்கெட் குடு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு காலுக்கு.”

பஸ்ஸுக்குள் யாரோ ஓவென்று சிரித்தார்கள். யாரோ ஒருவர் கை கொடுத்துச் சக்கரத்தை உள்ளே வாங்கினார்.

“சம்பந்தி! அப்ப நான்?” என்று கத்தினேன்.

“நட்டைத் தொலைச்சுப்போடாம ஒக்காந்திரு!”

பஸ் நகர்ந்தது. கடைசி ஜன்னலில் அவர் தெரிந்தார். சக்கரத்தை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் என் போனை வெளியே எடுத்து, எனக்குத் தெரியும்படி ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடியும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.